அணையாத மெழுகுவர்த்தி

எனக்கு நாற்றம் ஆகாது, ஐயா. குப்பைமேட்டு நிர்வாகிக்கு இப்படி ஒரு மூக்கா என்று எங்கள் ஊரே சிரித்தது. நீங்களும் சிரிக்கலாம்.

மேட்டை மண் போட்டு மூடிப் புல் வளர்த்தேன். தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ஆய்வுக் குழு மேலே நின்று படம் எடுத்துக்கொண்டது. ஒரே குறை, நடுவில் துருத்திக்கொண்டு நின்ற குழாய்கள். உள்ளே அழுகும் குப்பையின் வாயு அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். பார்க்கவும் அசிங்கம், நாற்றம் வேறு.

"லூபென், இதுக்கு ஏதாவது பண்ணக் கூடாதாப்பா?" என்றார் மேயர்.

பண்ணினேன். குழாய்களை வெட்டி, களிமண்ணால் அடைத்து, மேலே புல் பதித்தேன். நாற்றம் நின்றது. சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைத்ததற்காக மாவட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள்.

மேலே வழியில்லாத வாயு பக்கவாட்டில் போகும். தெரியும், படித்தவன்தானே. சரிவுக்குக் கீழே ஸ்தாமென் அண்ணன் வீடு. திராட்சைச் சாறு பொங்கும் பருவத்தில், ரக்கியா என்ற எங்கள் ஊர்ச் சாராய பாட்டிலோடு என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நிலவறையில இறங்கினா தலை சுத்துது. உன் மேடுதான் காரணம், சோஃபியாவுக்கு எழுதிப் போடுன்னு உங்க அண்ணி பென்கா உசுரை எடுக்குறா."

எழுதினால் குழாய்களைத் தோண்டுவார்கள். கேடயம் போய்விடும்.

"பீப்பாய் பீப்பாயா ஒயினை ருசி பார்த்தா தலை சுத்தாம என்ன செய்யும்ணே?"

"அதுவும் உண்டுதான்," என்று சிரித்தார். "ஆனா அவளுக்கு யார் பதில் சொல்றது?"

"உங்கப்பா எப்படி இறங்குவார்? கையில மெழுகுவர்த்தியோடதானே?"

"ஆமா. அணைஞ்சா கெட்ட காத்து, ஓடி வந்துடணும்."

"அணையலைன்னா?"

"பயமில்லே."

"அவ்வளவுதான். அண்ணியையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அடங்கிடுவாங்க."

பாட்டிலை இருவரும் முடித்த பிறகுதான் அவரை அனுப்பினேன். மரியாதை தெரிந்தவன் நான்.

பொங்கும் ஒயின் விடும் வாயுவில் சுடர் அணைந்துவிடும். குப்பை விடும் வாயு அப்படியில்லை. காற்றோடு கலந்து நின்றால், ஒரு சுடர் போதும், வெடிக்கும். அதையும் படித்திருந்தேன்.

மறுநாள் காலை அந்த வீடு இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. சாவுச் சடங்கில், எங்கள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையை நானே பரிமாறினேன். பென்காவின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொலை என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான்தான். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாயு காற்றில் கலந்தால் பூமிக்குக் கேடு, எரித்துவிடுவதே நல்லது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. எங்கள் ஊரில் அது சுத்தமாக எரிந்தது.