பச்சை லைட் எரிந்ததும்

— நில்லுங்க அண்ணி, நில்லுங்க. கஸ்டமருக்குக் கொடுக்குற டாக்குமென்ட்டுல புது ஏஐ மாடல் பேரை மட்டும் மாத்திட்டு மூடிடலாம்னுதானே உட்கார்ந்தோம்? பழைய ஸ்டெப்பை எல்லாம் ஏன் தோண்டுறீங்க?

— தோண்டல தம்பி. படிக்கிறேன்.

— அதான் ஏன்னு கேக்குறேன். இதை எல்லாம் யாராச்சும் படிப்பாங்களா?

— எழுதுனவ நானே படிக்கலன்னா எப்படி?

— இத்தனை நாள் படிச்சீங்களாக்கும்!

— வாயை அடக்கு. இந்தக் கம்பெனியில உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது யாருன்னு மறந்துடாத.

— மறக்க விட்டாத்தானே? சோறு போடுறப்பவெல்லாம் அதையும் சேர்த்துத்தானே போடுறீங்க.

— சரி, கேளு. "ஸ்டெப் அஞ்சு. ஏஐ மாடலை இணைக்கும் முன் பாதுகாப்பை ஆஃப் செய்யவும்."

— சரிதான். ஆன்ல இருந்தா, புதுசா வர்ற மாடலையே திருடன்னு நெனச்சு நம்ம செக்யூரிட்டி சாஃப்ட்வேர் வெளிய தள்ளிடும்.

— "ஸ்டெப் ஆறு. கனெக்ட் பட்டனை அழுத்தவும். ஸ்டெப் ஏழு. பச்சை லைட் எரிந்தால் வேலை முடிந்தது. வாழ்த்துகள்!"

— வாழ்த்துகள்... அடடா, என்ன மரியாதை!

— அடுத்த ஸ்டெப் எங்க?

— ஏழுதான் அண்ணி. "ஏழே ஸ்டெப்"புன்னு சேல்ஸ் ஆளுங்க ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சு.

— ஆஃப் பண்ணுன பாதுகாப்பைத் திரும்ப ஆன் பண்ணச் சொல்ற ஸ்டெப் எங்க தம்பி?

— கீழ தள்ளுங்க... இன்னும் கீழ... இருக்கும் அண்ணி. முதல்ல பத்து ஸ்டெப் எழுதுனீங்களே?

— எழுதுனேன். ஏழாக் குறைக்கச் சொன்னாங்க. குறைச்சேன்.

— நீங்களா உட்கார்ந்து குறைச்சீங்க?

— ...ஏஐகிட்டக் கொடுத்தேன்.

— அப்படிப் போடுங்க!

— ஏன் இளிக்கிற? அதைச் சரிபார்த்தது நீ. "செக் பண்ணிட்டேன், அருமை"ன்னு பதில் அனுப்புனியே. வரிக்கு வரி படிச்சுட்டுத்தானே அனுப்புன?

— வரிக்கு வரி... ம்...

— தம்பி.

— நானும் ஏஐகிட்டதான் கொடுத்தேன்.

— எந்த ஏஐ?

— நம்ம... அதேதான்.

— வெட்டுனதும் அதுவே, வெட்டுனது அருமைன்னு சொன்னதும் அதுவே. நடுவுல நீயும் நானும் எதுக்கு?

— அதுகிட்டேர்ந்து வாங்கி அதுகிட்டயே கொடுக்க ஆள் வேணாமா அண்ணி?

— சிரிக்காத. இது சிரிக்கிற விஷயமில்ல.

— இதுல என்ன இருக்கு? இப்பவே ஒரு வரி சேர்த்துடலாம். "பாதுகாப்பை மீண்டும் ஆன் செய்யவும்." யாருக்குத் தெரியப்போகுது?

— தெரிஞ்சாச்சு. காலையில ஒரு கஸ்டமர் கூப்பிட்டாங்க. எவனோ அவங்க கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து ஃபைலை எல்லாம் பூட்டிட்டான். அலாரம் ஒரு சத்தம் போடல. பார்த்தா, நம்ம சாஃப்ட்வேர்ல ஏஐயை இணைச்ச அன்னையிலேர்ந்து பாதுகாப்பு ஆஃப்லதான் இருந்திருக்கு.

— ஐயையோ...

— தப்பு நம்ம டாக்குமென்ட் மேலயா, அவங்க ஆள் மேலயான்னு மேனேஜர் கேக்குறார். மதியத்துக்குள்ள பதில் அனுப்பணும்.

— அவங்க ஆள் மேலதான்! சந்தேகமே வேணாம், எழுதுங்க.

— நம்ம டாக்குமென்ட்டுல இருந்தபடிதானே தம்பி அவன் செஞ்சிருக்கான்?

— அதுக்காக? கிணத்துல குதின்னு எழுதியிருந்தா குதிச்சுடுவானா? கதவைத் திறந்தா சாத்தணும்னு யாராச்சும் எழுதியா ஒட்டுவாங்க?

— ம்.

— "ஆஃப் செய்தால் திரும்ப ஆன் செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எவருக்கும் தெரியும்." போட்டீங்களா? "இதுகூடத் தெரியாத..."

— "...மடையன்"னா?

— மேனேஜருக்குப் போறது அண்ணி. "கவனக்குறைவான ஊழியர்"னு போடுங்க. நமக்குள்ள மடையன்.

— போட்டேன். இது போச்சுன்னா அந்த ஆளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— அனுப்பட்டும். எப்பவும் நாமதான் கழுத்தை நீட்டணுமா?

— கஸ்டமர் யாருன்னு நீ கேக்கவே இல்லையே?

— யாரா இருந்தா என்ன?

— ஸ்டேஷன் பக்கத்துல இருக்கே, மருந்துக் கிடங்கு.

— ...எது?

— உங்க அண்ணன் வேலை பார்க்குற கிடங்கு. அங்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்க ஒரே ஆள்தான். அந்த மடையனுக்குத்தான் நான் வாக்கப்பட்டிருக்கேன்.

— இதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணி?

— சொல்லியிருந்தா நீ மனசுல இருக்குறதைப் பேசியிருப்பியா? ஊரான் வீட்டுப் பிள்ளைன்னா உன் நாக்கு எவ்வளவு நீளும்னு பார்த்தேன். நல்லாவே நீளுது.

— அண்ணன்... என்ன சொன்னான்?

— "நான்தான் செஞ்சேன், மறந்துட்டேன்." எத்தனை தடவை கேட்டாலும் அதே பாட்டு. அடுப்பு அணைஞ்சுதான்னு திரும்பத் திரும்பப் பார்த்துட்டு, பாதி வழியில போன் பண்ணி என்னையும் பார்க்கச் சொல்ற மனுஷன். அவர் மறந்தாராம்! எனக்கு அழுகையா வருது தம்பி. நான் படிக்காம விட்டதுக்கு அவர் தலையா உருளணும்?

— அந்த மெயிலை அழிங்க அண்ணி.

— அழிச்சுட்டு? உண்மையை எழுதுனா நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் வேட்டு.

— வைக்கட்டும்.

— அடேங்கப்பா! கழுத்தை நீட்ட மாட்டேன்னு இப்பத்தான் ஒருத்தர் வீர வசனம் பேசுனாரே, அவர் எங்க போனாரு?

— கிண்டல் அப்புறம். எழுதுங்க. ஸ்டெப் விட்டுப்போச்சு. நாங்க ரெண்டு பேருமே படிக்கல.

— சரி... எழுதிட்டேன். "கவனக்குறைவான ஊழியர்" மட்டும் மிச்சம் நிக்குது. அதையும் எடுத்துடவா?

— வேணாம். அது இருக்கட்டும்.

— ஏண்டா, கூடப் பிறந்தவன் மேல அப்படி என்னடா கோபம் உனக்கு?

— அது பக்கத்துல என் பேரைப் போடுங்க. நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப அண்ணனுக்குக் காய்ச்சல். "நீ செஞ்ச சாஃப்ட்வேர்தானேடா, என் பேர்ல உள்ள போய் நீயே இணைச்சுக் கொடு"ன்னான். நான்தான் அண்ணி போனேன். ஸ்டெப் எனக்கே ஞாபகம் இல்ல, நம்ம டாக்குமென்ட்டைத்தான் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டேன்... பச்சை லைட் எரிஞ்சுது. வாழ்த்துகள்னு வந்துச்சு. எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்.