முந்தானைக்கு வைத்திருந்த முகம்

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள் சார். ஓடிப்போகிற ஆள் இல்லை நான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் கேசரி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மஞ்சுளா ஒரு பென்டிரைவோடு வந்தாள். அவள் கணவன் ஹரிஹரசுதன் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவன். வாலாஜாபாத் தரைப்பாலத்தில் வெள்ளம் வந்தபோது பைக்கோடும் போனோடும் போய்விட்டான். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் என்பதால் ஆல்பமும் கிடையாது. ஆதார் அட்டையில் ஒரு முகம் உண்டு. அதில் நாம் எல்லோருமே ஏதோ வழக்கில் மாட்டியவர்கள் மாதிரிதானே இருக்கிறோம்?

"இதுல அவரு போட்டோ கீது சார். சேல முந்தானில தன் மொகத்த நெய்ஞ்சி எனக்குக் கட்டி உடப்போறேன்னு வெளயாட்டா சொல்லிக்கினு இருந்தாரு. எங்க போனாலும் தொறக்க மாட்டேங்குது. அவரு போறப்ப பாப்பா என் வயித்துல. அது அவங்க அப்பா மொகத்த பாத்ததே இல்ல."

சேலை டிசைன்காரர்கள் வைத்திருக்கும் பி.சி.எக்ஸ். என்கிற பழைய வகைக் கோப்பு அது. புதிய கம்ப்யூட்டர்களுக்கு அது தெரியாது. என் கடையில் என்னைப் போலவே யாருக்கும் வேண்டாத பழைய மென்பொருள் எல்லாம் இருக்கிறது. வேறு வகைக்கு மாற்றிக் கொடுக்க நாளாகும் என்றேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

முதலில் கொடுத்த பிரிண்ட் வெறும் கலர் கட்டங்கள். குழந்தை அதையே தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டதாம். அடுத்ததில் ஒரு தாடை தெரிந்தது. பிறகு கண். மூக்கு வந்த அன்று மஞ்சுளா வெகுநேரம் பார்த்தாள்.

"அவருக்கு மூக்கு இப்டி இல்லியே சார். உங்க ஜாட கீது."

"பழைய கோப்பும்மா. இதுல எல்லா ஆம்பளையும் ஒரே ஜாடைலதான் வருவாங்க."

நம்பினாள். மூன்று வருடம் பார்க்காத முகத்தைவிட வாராவாரம் பார்க்கிற முகம் கண்ணில் நன்றாகப் படிகிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

திவசத்துக்குப் பெரிய படமாகச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டுச் சுவரில் மாட்டி பொட்டு, மாலை, சின்ன சிவப்பு பல்பு. முன்னால் இலையில் கத்திரிக்காய்ப் பொரியல், அவனுக்கு உயிராம். எனக்கு அது அரிப்பு தரும். மற்றபடி மரியாதையில் ஒரு குறையும் இல்லை. என் படத்தின் முன் நானும் கை கூப்பி நின்றேன். அப்போதுதான் ஹரியோடு வேலை பார்த்த வரதன் உள்ளே வந்தான்.

"இன்னாம்மா இது? உயிரோட கீற ஆளுக்கு மால போட்டு வெச்சிகீற! கம்ப்யூட்டர் கட சுகுமாரு தான இது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மஞ்சுளா சிரிக்கவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பென்டிரைவ் எங்க சார்?"

பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. உங்களிடம் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். முதல் நாள், முதல் கிளிக்கிலேயே அந்தக் கோப்பு திறந்துகொண்டது. சுருட்டை முடி, ஒரு பக்கமாக இழுத்த சிரிப்பு, பளிச்சென்று இருந்தான். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவனை அழித்துவிட்டேன். பென்டிரைவைக் கேஸ் அடுப்பில் காட்டினேன். வேறு பிரதி எங்கும் இல்லை.

வரதன் புகார் கொடுத்தது நியாயம்தான். ஆனால் படத்தை இன்னும் இறக்கவில்லை என்று உங்கள் ஏட்டையாவே சொன்னார். கை வைத்தாலே குழந்தை, "எங்கப்பாவ எடுக்காத" என்று அழுது புரளுகிறதாம்.

பாருங்கள் சார், ஒரு குடும்பம் வேறு எப்படி அமையும்? பாப்பாவுக்கு இரண்டாம் வகுப்பு வருவதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா? அதுவரைக்கும் அந்த பல்பை மட்டும் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.