கண்ணை மூடச் சொன்னவள்

எனக்கு அடிதடியும் துரத்தலுமாக ஓடுகிற தொடர்கள் பிடிக்காது, மேடம். கொலை முதல் எபிசோடிலேயே நடந்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கக் கூடாது. போலீஸ்காரர் டீ குடிப்பார், செத்தவன் வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்கிறது என்று பார்ப்பார், பேசாமல் திரும்பிப் போவார். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்பார்களே, அந்த ருசி எனக்குப் பிடிக்கும்.

அந்த ருசியைப் பழக்கிவிட்டவள் ஜெயஸ்ரீதான். கோட்டூர்புரத்தில் என் எதிர்வீடு, பதினோரு வருடச் சிநேகிதி. இரண்டு பேருமே தனிக்கட்டை. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள் எங்களுடையவை. அதனால் அவள் வீட்டு மாற்றுச் சாவி என் வீட்டு ஆணியில் தொங்கும், என்னுடையது அவள் வீட்டில். தினமும் நான்கு மணிக்கு என் வீட்டு டிவியில் ஒரே ஒரு எபிசோட். முடிந்ததும் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடுவேன். மறுநாள் நான்கு மணிவரை, கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, கொலைகாரன் யாரென்று வழக்காடிக்கொண்டிருப்போம். ஒருத்தியை விட்டு ஒருத்தி முன்னால் போய்ப் பார்க்கக் கூடாது. அது கையிலடித்துச் செய்த சத்தியம்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்தில் லைட்மேன். ஒரு செட் பற்றி எரிந்ததில் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த நான்கு மணி மட்டும்தான்.

மாசி மாதம் மாடிக்கு ரத்னா குடிவந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தி.நகரில் துணிக்கடை வேலை, வாய் நிறையச் சிரிப்பு. ஜெயஸ்ரீ அவளுக்கு ரசம் கொடுத்தனுப்பினாள். அவள் வந்து ஜெயஸ்ரீக்குத் தலைச்சாயம் பூசிவிட்டாள். பதினோரு வருடமாக அந்தத் தலைக்குச் சாயம் பூசியவள் நான். வயிறெரிந்தது, மறைப்பானேன். போகட்டும், நான்கு மணி என்னுடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழாவது எபிசோடில் அதுவும் போயிற்று. வயலோரம் ஒரு கார் நிற்கிறது. ரொம்ப நேரம் வேறொன்றும் இல்லை, எங்கேயோ ஒரு நாய் குரைக்கிறது. ஜெயஸ்ரீ சட்டென்று தன் உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினாள்.

"இத்த மட்டும் பாக்காத, பங்கஜம். கண்ண மூடிக்க."

அதற்குப் பிறகுதான் கார் எரிகிற சத்தம் கேட்டது. அவள் கைக்குள் உட்கார்ந்தபடியே யோசித்தேன். எரியப்போகிறதென்று இவளுக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள் ரத்னாவுக்கு விடுமுறை. காலை முழுக்க அவள் செருப்பு ஜெயஸ்ரீ வாசலில் கிடந்தது. உள்ளேயிருந்து வந்த இசையும் எங்கள் தொடரின் இசைதான். துப்புத்துலக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே. முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கம்பிக்கதவில் பால் பை அப்படியே தொங்கியது. ஆறரைக்கே எடுத்துவிடுகிறவள். பேப்பரும் கீழே கிடந்தது. எங்கள் இரண்டு குளியலறை ஜன்னல்களும் ஒரே சந்துக்குள் திறப்பவை. அதன் வழியாக அவள் வீட்டுக் குழாய் ஓடுகிற சத்தம் நிற்காமல் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட வீணாக்க மாட்டாள் அவள். குளியலறையில் விழுந்து கிடக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரத்னாவிடமும் ஒரு சாவி இருக்கும் என்று நினைத்தேன். சத்தியத்தையே அவளுக்காக மீறியவள் சாவியையா கொடுத்திருக்க மாட்டாள்? ரத்னா ஒன்பது மணிக்குப் போனில் பேசிக்கொண்டே படியிறங்கினாள். பால் பை அவள் கண்ணில் படவில்லை. அவசரமாகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவளாகப் பார்க்காததை நானாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அலமாரியிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். இன்னும் மூன்று எபிசோட் பாக்கி இருந்தது.

நான்கு மணிக்கு, எப்போதும்போல, அவளைக் கூப்பிடப் போனேன். சாவி போட்டுத் திறந்ததும் நான்தான், ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான். மத்தியானம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

ரத்னா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததையும் படித்துக் காட்டினீர்கள். அவளிடம் சாவி எதுவும் இல்லையாம். விடுமுறை அன்றைக்கு அவள் போனில் அந்த ஏழாவது எபிசோடைப் போட்டுக்காட்டச் சொன்னது ஜெயஸ்ரீதானாம். "பங்கஜம் நெருப்பப் பாத்தா மூணு நாளு சோறு துன்னாது. அது எங்க வருதுன்னு பாத்து வெச்சிக்கினா கண்ண மூடிடலாம்" என்றாளாம்.

அப்படியே இருக்கட்டும். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

சத்தம் ஏதாவது கேட்டதா என்று நேற்று நீங்கள் கேட்டபோது, டிவி ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மூன்று தடவை அதை நிறுத்தினேன். அந்தச் சந்து வழியாக அவள் குரல் வந்தது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் நிறுத்தினேன். மூன்று தடவையும் பங்கஜம் என்றுதான் கூப்பிட்டாள். ரத்னா என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. எனக்கு மனது குளிர்ந்தது, மேடம். மறுபடி போட்டுவிட்டுப் பார்த்தேன்.

கடைசி எபிசோடிலும் நெருப்பு வந்தது, ஒரு வீடே எரிந்தது. கண்ணை மூடச் சொல்ல ஆளில்லை, முழுக்கப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் அவள்தான் காரணம்.