துணி அசைந்தால்

— திருப்பிச் சொல்லுங்க அபூசாலி காக்கா. துணி அசைஞ்சா என்ன?

— இழுக்கணும். நாலாந்தரமும் அதத்தான் செல்றன் தம்பி. வெள்ளக்காரன் போய்ப் பத்து வருசமாகப் போகிது, உங்கட பட்டாளத்தில இன்னும் ஒரு கதைய நாலு தரம் கேக்கிறதா?

— அவங்க பழக்கினதுதான். செய்யப் போறவன்ட வாயால திருப்பிக் கேட்டாத்தான் அவனுக்கு விளங்கினது நமக்கு விளங்கும். அதோட நான் இதுக்குப் புதுசு காக்கா. கோப்ரலாகி இதுதான் முதல் வேலை. லெப்டினன் ஐயா றோட்டு உடைஞ்சு அங்கால நிக்கிறார். ‘டெஸ்மன்ட், நீயே நடத்து’ எண்டு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் ஓடர்.

— அப்ப நடத்துங்க. பொழுது படப் போகிது. மருதமுனையில தறிக்குழியெல்லாம் தண்ணி. சனம் புள்ள குட்டியோட பள்ளிவாசல் மேல ஏறி இரிக்கி. இண்டைக்கு ஆத்துவாய வெட்டி வெள்ளத்தக் கடலுக்குள்ள விடாட்டி, விடியக்குள்ள கூரையும் மிஞ்சா.

— தெரியும். அதுக்குத்தான் இந்த மணல்ல ஒருக்காப் பாருங்க எண்டுறன். இந்தப் பக்கம் கடல். இந்தச் சிரட்டை ஆறு, வெள்ளம் முட்டிக்கொண்டு நிக்குது. நடுவில மணல்திட்டி. கடல் பக்கத்திலருந்து வாய்க்கால் வெட்டி வந்தாச்சு. ஆத்துப் பக்கம் ஒரு வரம்பு மட்டும் மிச்சம், சரியோ. அந்த வரம்பையும் வெட்டினா ஆறு பாயும்.

— பாயும் எண்டு லேசாச் செல்றீங்க. வாய் திறந்தா மாட்டையும் கொண்டு போகும், மனிசனையும் கொண்டு போகும். மையித்துக்கூடக் கரைக்கு வராது.

— அதுதான் எனக்குப் பயம். வரம்பில நிக்கிறவன்ட இடுப்பில கயிறு. கயித்தின்ட மற்றத் தலைப்பு கரையில, உங்கட வலைக்காரர்ட கையில. வரம்பு உடையப் பாக்குதெண்டா நீங்க இந்த மேட்டில நிண்டு சிவப்புத் துணிய அசைப்பீங்க. இந்த மேட்டிலருந்துதான் வரம்பின்ட ஆத்துப் பக்கம் தெரியும். கடல் இரைச்சலுக்கு விசிலும் கேளாது, துவக்குச் சத்தமும் கேளாது.

— காலமை வேற மாதிரித்தானே செல்லியிருந்தீங்க.

— ஓம். துணி அசைஞ்சா எல்லாரும் போட்டதைப் போட்டபடி ஓடணும் எண்டுதான் சொன்னன். வெறும் மணல்ல ஒத்திகையும் பாத்தம். நீங்க துணிய அசைச்சீங்க. உங்கட ஆக்கள் ஒருத்தன் ஓடினானா? கயித்தப் பிடிச்சு இழுக்கத் தொடங்கிட்டாங்க. கயித்து நுனியில நிண்ட கனகரெத்தினத்த இராவணன்மீசை முள்ளுக்குள்ளால இழுத்து, அரசாங்கக் களிசான் கிழிஞ்சதுதான் மிச்சம்.

— என்ன செய்ற தம்பி. வாப்பாமார்ட காலத்திலருந்து கரைவலை இழுக்கிற கை. மேட்டில நிண்டு மீன் பாக்கிற நான் துணிய அசைச்சா, மீன் வலைக்குள்ள வந்திட்டு, இழு எண்டுதான் அவங்களுக்கு. ஓடு எண்டு செல்லி ஒரு நாளில பழக்கேலா.

— அதாலதான் பிளானை மாத்தினன். ஓட வேணாம், இழுங்க. மீனுக்குப் பதிலா மனிசன், அவ்வளவுதான். உள்ள ஆரோ இருமுறாங்க?

— பொஞ்சாதி, றாஹிலா. ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, அதால மேட்டில இரிக்கிற இந்த வலைவாடிக் குடிசைக்குக் கூட்டி வந்திட்டன். ஈர விறகு, ஒரே புகை. அத விடுங்க. கடைசி வரம்ப வெட்டப் போறது ஆர்? அதச் செல்லுங்க.

— நான்.

— நீங்களா? தலைவன் கயித்து நுனியில நிண்டா மத்தவனுக்கு ஆர் செல்ற? சீனிமுகம்மது இரிக்கான், றாஹிலாட தம்பி. கடல்லயே கிடக்கிறவன். அவன உடுங்க.

— அவன்ட பொஞ்சாதிக்கு இது நிறை மாசம். என்ட பொடியன்களில ஒருத்தனுக்கும் நீந்தத் தெரியாது.

— உங்களுக்கு?

— எனக்கும் தெரியாது.

— யா அல்லாஹ். கடல் கரைக் கல்முனையில பொறந்த மனிசன்.

— எங்கட அம்மா சகாயம்மா என்னைத் தண்ணிப் பக்கமே விடல்ல. அவவுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிட்டு. ஆனா நான் மாட்டன் எண்டுபோட்டு இன்னொருத்தனை எந்த வாயால போ எண்டு சொல்ற? இப்ப பொடியன்கள் வரம்பை மெல்லிசாக்கிக்கொண்டிருக்கிறாங்க. முடிஞ்சதும் என்னைக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் அங்க நிக்கிறவன் ஆராயிருந்தாலும் ஆளுக்கொரு கயிறு இடுப்பில இருக்கணும், சரியோ. அது கண்டிப்பாச் சொல்லியிருக்கிறன்.

— அல்லாட காவல்.

— அல்லாட காவலும் உங்கட கண்ணும் காக்கா. உடைய முந்தி வரம்பில ஈரம் ஊறிக் கறுப்பா ஒரு கோடு ஓடும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. அதக் காணப் பிந்தினா எங்கட சீவன் போச்சு. அதால, கோவியாதீங்க, ஒண்டு கேக்கணும். துவக்கத் தூக்க முந்தி ஒருக்காக் குழலுக்குள்ள பாக்கிறதில்லையா, அது மாதிரித்தான். இப்ப வரம்பில எத்தினை பேர் நிக்கிறாங்க?

— என்ன தம்பி, என்னையே சோதிக்கிறீங்களா? உங்கட வயசு என்ட தொழிலுக்கு.

— அதுக்காகத்தான் உங்களை நம்பி இறங்கிறன். எத்தினை பேர்?

— பொறுங்களன். தூத்தல் விழுகிது. ரெண்டு பேர்.

— சரி. வயித்தில பால் வாத்தீங்க. ஆர் ரெண்டு பேரும்?

— உங்கட கனகரெத்தினம். மத்தது, நம்மட சீனிமுகம்மது.

— சீனிமுகம்மது கரையில நிக்கிறான் காக்கா. கயித்தைப் பிடிச்சுக்கொண்டு, வலைக்காரரோட.

— ஓ. அப்ப இப்பத்தான் போயிரிப்பான்.

— அவன் அந்த இடத்தை விட்டு அசையவே இல்ல. உள்ள ரெண்டு தரம் இருமினாங்க. அதுக்குப் பொறகுதான் நீங்க ரெண்டு எண்டீங்க.

— தம்பி, மெதுவாக் கதைங்க. கீழ ஆக்கள்ர காதில விழும்.

— கண் தெரியாதா?

— கிட்டத்தில தெரியும். உங்கட மொகம் தெரிகிது. கடல் தெரியா. எல்லாம் புகை மூடின மாதிரி. ரெண்டு வருசமா இப்பிடித்தான். வலைக்காரனுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே வேற ஆளைத் தேடிப் போவான். அந்தப் பயத்தில ஒருத்தர்ட்டயும் செல்லல்ல. உங்கட்டச் செல்லத்தான் காலமையிலருந்து வாயெடுக்கிறன், வருகிதில்ல.

— ரெண்டு வருசமா உங்கட வலைதான் இந்தக் கரையில நிறைஞ்சு வருது எண்டு ஊரே கதைக்குது. மீனைக் காணாம எப்பிடித் துணி அசைச்சீங்க?

— அதக் கேளாதீங்க தம்பி.

— கேக்காம? அங்க ரெண்டு பொடியன் நிக்கிறாங்க. நான் போட்ட பிளான் முழுக்க உங்கட கண்ணில நிக்குது. துணிய நான் வாங்கினாலும் எந்த ஈரம் உடையிற ஈரம் எண்டு எனக்குத் தெரியாதே. அப்ப ஆர் காணுற?

— கோப்ரல் தம்பி, நான் இந்தக் கிடுகுத் தட்டிக்கு இஞ்சால நிண்டு கதைக்கிறன், றாஹிலா. இந்தத் தட்டி ஓட்டையால பாத்து, இருமிக் காட்டி, மீனும் நான்தான் கண்ட, ஆளையும் நான்தான் எண்ணின. இப்ப வரம்பு கறுத்திட்டு. உங்கட ஆக்கள் குனிஞ்சு வெட்டுறாங்க, ஒருத்தரும் காணல்ல. அவர்ட கையில இரிக்கிற துணிய வாங்கித் தாங்க.

— றாஹிலா, வெளிய வராத. ஊர் ஆம்புளையள் முழுக்கக் கீழ நிக்கிறாங்க.

— நிக்கட்டும். ரெண்டு வருசமா அவங்க இழுத்தது என்ட கண்ணுக்குத்தான். இண்டைக்குக் கையையும் காணட்டும்.