தோல் உப்பில் செய்த பாலம்

வோல்ட்மீட்டரில் முள் நகராவிட்டால் எல்லோரும் முதலில் அதன் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். போன நவம்பரில் வேலூரில் நடந்த மாவட்ட அறிவியல் கண்காட்சியில் நம் பள்ளி மாணவி பூர்ணிமா தட்டினாள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்த அவள் அப்பா பச்சையப்பன் தட்டினார். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியதாகச் சொல்லிக்கொண்ட நடுவரும் தட்டினார். துத்தநாகத் தகடு சரி, தாமிரத் தகடு சரி, கரைசல்கள் சரி, கம்பிகள் சரி. முள் மட்டும் பூஜ்யத்திலேயே கிடந்தது. ஏனென்று மூவருக்கும் தெரியவில்லை.

தலைமையாசிரியர் மோகனா மேடம், நீங்கள் விளக்கம் கேட்டதால் எழுதுகிறேன். இந்தப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக நான் ஆய்வக உதவியாளன். விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. கேட்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மின்கலம் எளிமையானது. எல்லாம் சரியாக இருந்தால் முள் ஒன்று புள்ளி ஒன்று வோல்ட் காட்டும். ஒரு கிண்ணத்தில் துத்தநாகம், இன்னொன்றில் தாமிரம். துத்தநாகம் எலக்ட்ரானை விடும். அது கம்பி வழியாகத் தாமிரத்துக்குப் போகும். போகப் போக ஒரு கிண்ணத்தில் நேர்மின்சுமையும் மற்றதில் எதிர்மின்சுமையும் மிஞ்சும். மிஞ்சினால் ஓட்டம் நின்றுவிடும். அதைச் சமன் செய்யத்தான் இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே உப்புப் பாலம்: வளைந்த கண்ணாடிக் குழாயில் உப்புக் கலந்து காய்ச்சிய அகர் என்ற கடற்பாசிக் கூழ்.

பூர்ணிமாவின் புதுமை அந்த உப்பில்தான். பச்சையப்பனுக்கு ஆம்பூர் தோல் மண்டியில் வேலை. அழுகாமலிருக்கப் பச்சைத் தோலில் தடவி வரும் உப்பை உதறித் தட்ட வேண்டும். உதிர்ந்த அழுக்கு உப்பை யாரும் தொடமாட்டார்கள். அவர் ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். அவள் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுத்தாள். "அப்பா தட்டிய உப்பு" என்று அட்டையில் பெரிதாக எழுதியும் வைத்தாள். இந்த வயதில் எல்லோருக்கும் இப்படி ஓர் உருக்கம் இருக்கும்.

"பரிசு வந்தா காலேஜ் சார். வரலன்னா ஷூ கம்பெனி பஸ்ல ஏத்தி வுட்ருவேன்" என்று பச்சையப்பன் என்னிடம் சொல்லியிருந்தார்.

வேதியியல் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்தபோது அந்த வகுப்பை நான் பார்த்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். எலக்ட்ரான் பாலம் வழியாகத் திரும்பி வரும் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன்.

பூர்ணிமா எழுந்தாள். "சார், எலக்ட்ரான் கம்பிலதான் போவும். பாலத்துல அயனிதான் சார்."

"சாருக்கே ஷாக்குடி" என்றாள் பக்கத்தில் இருந்த ஹீனா. வகுப்பு சிரித்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் பதினொன்று, மூன்றாவது பீரியட்.

கண்காட்சிக்கு அகர் காய்ச்சிக் குழாயில் ஊற்றும் வேலை என்னுடையது. பூர்ணிமா தன் உப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் குழாயில் ஊற்றிய கூழில் அந்த உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கலந்தேன். சர்க்கரையும் கரையும், ஆனால் அயனியாகப் பிரியாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த ஓட்டத்திலும் ஏதாவது எண்ணைக் காட்டிவிடும் என்பதால் பழைய முள் மீட்டரைக் கண்காட்சிப் பெட்டியில் வைத்தேன். போன வாரம் பெட்டியைத் திறந்தபோது எறும்பு மொய்த்திருந்தது என்றீர்கள். குழாயைக் கழுவி வைக்காதது என் தப்புதான். வேறு தப்பு எனக்குத் தெரியவில்லை.

அது ஒரு பரீட்சை. ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். நிஜமாகப் புரிந்தவள் என்றால், எல்லாம் சரியாக இருந்தும் முள் நகராதபோது பாலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சந்தேகித்தால் ஜெயிப்பாள். இதைவிட நியாயமான பரீட்சையை எந்த ஆசிரியர் வைத்திருக்கிறார்?

"தோல் உப்பாம்மா இது? இதுல இன்னா வரும்?" என்றார் நடுவர். முப்பது வருடம் கற்பித்தவரின் கேள்வி அது.

பச்சையப்பன் கையைப் பிசைந்தார். "உப்பு ஈரத்துல கெடந்தது சார். என் உப்புதான் கெட்டுப்போச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல."

"நீ சும்மா இருப்பா. உப்பு நல்லாத்தான் கீது." பூர்ணிமா கம்பிகளை மறுபடி பார்த்தாள். தகடுகளைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், பாலத்துலதான் ஏதோ தகராறு. இன்னொண்ணு கீதா சார்?"

சரியான பதில். நடுவருக்குத் தோன்றாதது. நான் பெட்டியைத் திறந்து இரண்டாவது குழாயை எடுத்துக் கொடுத்தேன். அவள் மாற்றினாள். முள் நகரவில்லை. நடுவர் அடுத்த மேசைக்குப் போனார். பச்சையப்பன் அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இந்த ஜூனிலிருந்து அவள் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். உப்பு கெட்டுப்போனதாகத்தான் பச்சையப்பன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படிக்காத மனிதர், திருத்துவதில் பயனில்லை.

உங்கள் விசாரணைக்குத் தேவையான விடை இதுதான். இரண்டாவது குழாயிலும் சர்க்கரைதான். பச்சையப்பனின் உப்பில் ஒரு குறையும் இல்லை. கண்காட்சிக்கு முந்தின மாலை அதில் தனியாக ஒரு பாலம் ஊற்றி, அதே தகடுகள், அதே கரைசல்கள், அதே மீட்டரை வைத்து நானே பார்த்தேன். முள் ஒன்று புள்ளி ஒன்றில் போய் நின்றது.