வாயில் வைக்காத முயல்கறி

"நான் ஒருநாளும் வாயிலை வைக்காத கறிக்கு முதலிடம் குடுத்திருக்கிறாங்கள், அக்கா!"

பகேரியாவிலிருந்து பலேர்மோ போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். இதைச் சொன்ன இளையவளின் மடியில் பத்திரிகை. நாட்டுப்புறச் சாப்பாட்டுக் கடைகளில் நல்லவை எவை என்று அதில் ஒரு பக்கம் வந்திருந்தது. அவள் சமைக்கும் கடைதான், ஒரு கறிக்காக, முதலாவது.

"என்ன கறி?"

"முயல்."

"நீ மச்சமாமிசம் சாப்பிடாதவளெல்லே!"

"ஓம். கடைக்காரச் சிஞ்ஞோரா அம்மாவுக்குக் கை முறிஞ்சதிலையிருந்து நான்தான் அடுப்படியிலை."

"அப்ப ஆர் உப்புப் பாக்கிறது?"

"படையலுக்கு நாங்கள் உப்புப் பாத்தோ சமைக்கிறனாங்கள்? அளவு கைக்குத் தெரியும். மிச்சத்தை மணம் சொல்லும்."

"சிஞ்ஞோரா ஏசேல்லையோ?"

"ஏசாமலோ! ஒவ்வொரு நாளும் கரண்டியோடை வந்து, ருசி பாத்து, மேலாலை உப்புப் போடுவா. பத்திரிகைக்காரன் வந்து சாப்பிட்ட அண்டைக்கு மட்டும் கைக்கட்டுப் பிரிக்க ஆசுபத்திரிக்குப் போயிட்டா."

"இப்ப?"

அவள் பத்திரிகையை மடித்து, பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"இப்ப சிஞ்ஞோராவின்ரை கரண்டி ஆணியிலை தொங்குது!"