மிளகாய்த்தூள் பார்சல்

தேத்தண்ணி வேண்டாம், கொன்ஸ்ரன்ரைன் அண்ணை. நான் இருந்து கதைக்க வரேல்லை. பின்னேர பஸ்ஸிலை வெளிக்கிடுறியளாம், மகன் றொசானைப் பாக்கச் சவூதிக்குப் போறியளாம் எண்டு கோயிலடியிலை கதைச்சினம். அதுதான் நாலு விசயம் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு.

முதலிலை அந்தச் சாரத்தை மறவுங்கோ. இஞ்சை மடிச்சுக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடை றோட்டிலை நிக்கிற மாதிரி அங்கை நிக்கேலாது. கழுத்திலை கிடக்கிற குருசைச் சட்டைக்குள்ளை விடுங்கோ. பொம்பிளையளைக் கண்டால் கை நீட்டாதேங்கோ, வாயைப் பிளந்துகொண்டு பாக்கவும் வேண்டாம். அங்கை றம்ழான் நோன்பு தொடங்கப் போகுது, பகலிலை றோட்டிலை ஒரு மிடறு தண்ணியும் குடியாதேங்கோ. என்ன சிரிப்பு? தேங்காயெண்ணெய்ப் போத்திலுக்கை சாராயம் ஊத்திற யோசினையோ? ஊத்துங்கோ. பிறகு றொசான் உங்களை மறியல் கம்பிக்கு வெளியிலை நிண்டுதான் பாக்கவேணும்.

எனக்கெப்பிடித் தெரியுமோ? வாசிச்சனான், இங்கிலிசிலை. கொன்வென்ரிலை சிஸ்ரர்மார் அடிச்சுப் படிப்பிச்சது அதுக்காவது உதவிச்சு. ஐஞ்சு வருசமாய் வாசிக்கிறன். என்ரை தங்கச்சி கலிஸ்ராவை அங்கை எயாப்போட்டிலை பிடிச்சு மறியலிலை போட்ட நாளிலை இருந்து.

பிரசருக்குக் குளிசை கொண்டு போறதெண்டால் டொக்டர் எழுதித் தந்த துண்டும் வேணும். அதையும் விடப் பெரிசு ஒண்டு இருக்கு. ஆர் பார்சல் தந்தாலும் வாங்கக்கூடாது. எங்கடை சனத்துக்கு இது விளங்கிறேல்லை. ஒராள் பிளேன் ஏறுது எண்டால் கருவாட்டோடையும் தூளோடையும் ஊரே வந்து நிக்கும். மாட்டன் எண்டு சொல்ல வாய் வராது. வீட்டு வேலைக்குப் போன என்ரை தங்கச்சிக்கும் வரேல்லை.

ஓம், நீங்கள் குடுத்ததைத்தான் சொல்லுறன். சிநேகிதன் ஒருத்தன் வந்து வாங்குவான், மிளகாய்த்தூள், பிரிச்சால் வாசம் போயிடும் பிள்ளை எண்டு சொல்லிக் குடுத்தியள். அவளும் பிரிக்கேல்லை. பிரிச்சது அங்கத்தைப் பொலிசு. தூளுக்கை போதைக் குளிசை. இஞ்சத்தைப் பொலிசு கேக்க, அந்தப் பிள்ளையிட்டை நான் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஞாயிறு பூசையிலை முன் வாங்கிலை இருந்தியள். நான் பின்னாலை இருந்து உங்கடை பிடரியைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

இந்தாங்கோ. ஒரு கிலோ. செலோரேப் போட்டு இறுக்கி ஒட்டியிருக்கிறன். றொசானுக்கு.

ஏன் கையை இழுக்கிறியள்? தூள்தான் அண்ணை, நானே வறுத்து இடிச்சது. என்ரை சொல்லை நம்பேலாதோ? அவள் உங்கடை சொல்லை நம்பினவள்.

சரி, வேண்டாமெண்டால் விடுங்கோ. படலையடியை ஒருக்கால் எட்டிப் பாருங்கோ. பத்துப் பன்ரெண்டு வீட்டுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், அண்ணை போறார், குடுக்கிறதைக் குடுங்கோ எண்டு. எல்லாரும் செலோரேப் ஒட்டித்தான் கொண்டு வந்திருக்கினம். எல்லாரும் தூள் எண்டுதான் சொல்லுவினம்.

போய் மாட்டன் எண்டு சொல்லுங்கோ. ஏன் மாட்டன் எண்டும் அவையளுக்குச் சொல்லுங்கோ. நான் இந்தக் கதிரையிலை இருந்து கேக்கிறன்.

இப்ப அந்தத் தேத்தண்ணியைக் கொண்டு வரச் சொல்லுங்கோ.